ஆர்டரே போடாத பொருளுக்கு வரும் மெயில்: ஆன்லைன் கடைகளின் பெயரில் வரும் போலிகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

“உங்கள் ஆர்டர் உறுதியாகிவிட்டது. கைபேசி 1, விலை ₹1,34,900. இன்று மாலைக்குள் அனுப்பப்படும். இதை நீங்கள் ஆர்டர் செய்யவில்லை என்றால் உடனே கீழே உள்ள எண்ணில் அழைக்கவும்.”

இப்படி ஒரு மெயில் வந்தால் நெஞ்சு பதறும், கை நேராக அந்த எண்ணுக்குப் போகும். மெயிலை எழுதியவன் காத்திருப்பது அந்தப் பதற்றத்துக்காகத்தான். கடையின் லோகோ, பட்டனின் நிறம், ஆர்டர் எண், டெலிவரி தேதி எல்லாம் அச்சு அசலாக இருக்கும். உண்மையான மெயில் ஒன்றை எடுத்து அதில் லிங்க்கையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் மாற்றி அனுப்புவது சில நிமிட வேலை. அதனால் மெயில் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எழுத்துப் பிழை இருந்தால் போலி என்று ஒரு பழைய அறிவுரை உண்டு. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையில்லாத ஆங்கிலத்தை நொடியில் எழுதித் தருகின்றன, தமிழையும் பரவாயில்லாமல் எழுதுகின்றன. பிழை இருந்தால் சந்தேகப்படலாம். பிழை இல்லை என்பதற்காக அசல் என்று சொல்லிவிட முடியாது. மெயிலில் உங்கள் பெயரும் கைபேசி எண்ணும் சரியாக இருப்பதற்கும் இதே கதிதான். எங்கோ கசிந்த பட்டியலிலிருந்தோ, நீங்கள் குப்பையில் போட்ட பார்சல் அட்டையிலிருந்தோ அவை கிடைத்திருக்கலாம்.

ஒரு சிறு குறிப்பு: இணைய முகவரிகளை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். உங்கள் திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

மெயிலை மூடுங்கள், ஆப்பைத் திறங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: மெயில் காட்டும் வழியில் கடைக்குப் போகாதீர்கள். லிங்க்கைத் தொடாமல், எண்ணை அழைக்காமல், மெயிலை அப்படியே விட்டுவிட்டு, கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் ஆப்பை நீங்களே திறங்கள். கணினியில் என்றால் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், அல்லது முன்பே சேமித்த புக்மார்க்கைப் பயன்படுத்துங்கள். கூகுளில் கடையின் பெயரைத் தேடி முதலில் வருவதைத் தொடுவதும் வேண்டாம். மேலே விளம்பரமாக வருவது போலித் தளமாக இருக்கக்கூடும்.

ஆப்புக்குள் எதைப் பார்ப்பது என்பது மெயில் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது.

நீங்கள் போடாத ஆர்டர் என்றால் ‘மை ஆர்டர்ஸ்’ பக்கம். அமேசான் ஆர்டர் எண் 3 இலக்கம், ஒரு கோடு, 7 இலக்கம், ஒரு கோடு, 7 இலக்கம் என்ற வடிவில் இருக்கும். ஃபிளிப்கார்ட் எண் ‘ஓ’, ‘டி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். வடிவம் சரியாக இருப்பதால் எண் அசலாகிவிடாது, அந்த எண் உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லை என்றால் வீட்டில் வேறு யாராவது தங்கள் கணக்கிலிருந்து ஆர்டர் போட்டார்களா என்று கேட்டுவிடுங்கள். அதுவும் இல்லை என்றால் மெயில் போலி. வங்கிக் கணக்கிலும் கார்டிலும் பணம் பிடித்தமில்லை என்பதையும் வங்கி ஆப்பில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

ரீஃபண்ட் வந்திருக்கிறது, பெற்றுக்கொள்ள இங்கே தொடவும் என்றால் இன்னும் எளிது. ரீஃபண்ட் பொதுவாக நீங்கள் எந்த வழியில் பணம் கட்டினீர்களோ அதே வழியில் தானாகத் திரும்பும். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டராக இருந்தால் எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்பதை ஆப்புக்குள், அந்த ஆர்டரின் பக்கத்திலேயே கொடுப்பீர்கள். அங்கேயும் கணக்கு எண்ணோ யுபிஐ ஐடியோதான் கேட்பார்கள். யுபிஐ பின், கார்டு சிவிவி, ஓடிபி எதுவும் பணம் வாங்குவதற்குத் தேவையில்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகும், உள்ளே வராது. கியூஆர் கோடு ஸ்கேன் செய்தால் ரீஃபண்ட் வரும் என்பதும் அதே பொய்தான்.

கணக்கு முடக்கப்பட்டுவிட்டது என்றால் ஆப்பில் உள்ளே போய்ப் பாருங்கள். வழக்கம்போலத் திறந்தால் முடங்கவில்லை என்று பொருள். உறுப்பினர் கட்டணம் புதுப்பிக்கப்படப் போகிறது என்றால் உறுப்பினர் பக்கத்தில் அடுத்த தேதியும் தொகையும் இருக்கும்.

அமேசானில் இன்னொரு வசதி உண்டு. ‘யுவர் அக்கவுன்ட்’டுக்குள் ‘மெசேஜ் சென்டர்’ என்ற பகுதியில், அந்த நிறுவனம் உங்களுக்கு அனுப்பிய மெயில்களின் பட்டியல் இருக்கிறது. சந்தேகமான மெயில் அங்கே இல்லை என்றால் அதை அவர்கள் அனுப்பவில்லை.

இந்த வேலை முழுவதும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலான நாட்களில் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் ஆப் இல்லாத சிறிய கடைகள், கூரியர் நிறுவனங்கள் பெயரிலும் மெயில் வருகிறதே, அப்போது மெயிலையே படித்துத்தான் ஆக வேண்டும்.

அனுப்பியவர் யார்: வலமிருந்து படிக்க வேண்டிய ஒரு வரி

மெயில் பெட்டியில் தடித்த எழுத்தில் தெரிவது அனுப்பியவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். ‘அமேசான் இந்தியா’ என்று யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது அதன் பின்னால் இருக்கும் முகவரியை. ஜிமெயில் ஆப்பில் மெயிலைத் திறந்து, அனுப்பியவர் பெயருக்குக் கீழே ‘டு மீ’ என்று இருப்பதைத் தொட்டால் முழு முகவரியும் விரியும். பதில் எந்த முகவரிக்குப் போகும் என்பது வேறாக இருந்தால் அதுவும் அங்கேயே தெரியும். கடையின் பெயரில் வந்த மெயிலுக்குப் பதில் ஒரு தனிநபரின் ஜிமெயில் முகவரிக்குப் போகிறது என்றால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருக்கும் பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசிப் புள்ளிக்கு இருபுறமும் இருக்கும் இரண்டு துண்டுகளும் சேர்ந்ததுதான் உரிமையாளரின் பெயர். மற்றதெல்லாம் அந்த உரிமையாளர் தன் விருப்பப்படி ஒட்டிக்கொண்டது.

அமேசான்.இன் என்று முடிந்தால் உரிமையாளர் அமேசான்.
அமேசான்.இன்.வேறுதளம்.காம் என்று முடிந்தால் உரிமையாளர் ‘வேறுதளம்’. முன்னால் இருக்கும் அமேசான் என்ற சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை.
அமேசான்-ரீஃபண்ட்.காம் என்றால் அது அமேசானே அல்ல. நடுவில் கோடு போட்டு எவரும் புதிதாக வாங்கிக்கொள்ளக்கூடிய தனிப்பெயர் அது. இந்த வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புள்ளியும் கோடும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன, ஆனால் புள்ளி என்பது ஒரே வீட்டின் அறைகள், கோடு போட்டது வேறு வீடு.

‘.கோ.இன்’, ‘.கோ.யுகே’ போல இரண்டு துண்டாக முடியும் முகவரிகளில் மட்டும் இரண்டுக்குப் பதிலாக மூன்று துண்டுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிறகு எழுத்து மாறாட்டம். ஆங்கிலச் சிறிய ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டினாற்போல எழுதினால் கைபேசித் திரையில் அப்படியே ‘எம்’ மாதிரி இருக்கும். சிறிய ‘எல்’லும் பெரிய ‘ஐ’யும் பல எழுத்துருக்களில் ஒரே கோடுதான். ‘ஓ’வுக்குப் பதில் சுழியம் போடுவதும் பழைய வேலை. ரஷ்ய மொழியை எழுதும் சிரிலிக் எழுத்துகளில் சில ஆங்கில எழுத்தைப் போலவே இருப்பதால் அவற்றைக் கலந்தும் பெயர் பதிகிறார்கள். அப்படிப்பட்ட முகவரி பிரவுசரில் சில நேரம் ‘எக்ஸ்’, ‘என்’, இரண்டு கோடு என்று தொடங்கும் விசித்திரமான வடிவில் தெரியும். நீங்கள் கேள்விப்பட்ட எந்தப் பெரிய கடைக்கும் அப்படி முகவரி கிடையாது. கண்ணை நம்பாமல் சோதிக்க வழி ஒன்று இருக்கிறது: முகவரியை நகலெடுத்து நோட்ஸ் ஆப்பில் ஒட்டி, எழுத்தைப் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

கணினியில் ஜிமெயில் பயன்படுத்துபவர்கள் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். மெயிலின் வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரிகள் இருக்கும். இந்த மெயிலை அனுப்பிய சர்வருக்கு, அதாவது அனுப்பும் கணினிக்கு, அந்த முகவரியின் பெயரில் அனுப்ப அனுமதி உண்டா என்பது முதல் வரி. வழியில் மாற்றப்படாமல் வந்ததா, யார் கையெழுத்திட்டது என்பது இரண்டாவது. உங்களுக்குத் தெரியும் முகவரி அவற்றோடு ஒத்துப்போகிறதா என்பது மூன்றாவது. தினம் 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எவரும் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே பெரிய கடையின் முகவரியைக் காட்டும் மெயிலில் டிமார்க் ‘ஃபெயில்’ என்று இருந்தால் அதைக் குப்பையில் போடலாம்.

ஆனால் ‘பாஸ்’ என்று இருந்தால்? இங்கேதான் விவரம் தெரிந்தவர்களே சறுக்குகிறார்கள். அமேசான்-ரீஃபண்ட் போன்ற பெயரைக் காசு கொடுத்துப் பதிவு செய்தவனும் இந்த மூன்றையும் ஒழுங்காக அமைத்து ‘பாஸ்’ வாங்கிவிடுவான். முகவரியில் உள்ள பெயரிலிருந்துதான் மெயில் வந்தது என்பதை மட்டுமே ‘பாஸ்’ சொல்கிறது, அந்தப் பெயர் நல்லவருடையது என்பதைச் சொல்லவில்லை. இதைவிட நுட்பமான வழியும் இருக்கிறது. பணப் பரிமாற்ற நிறுவனங்கள் தரும் இன்வாய்ஸ் (பில் அனுப்பும்) வசதியில் கணக்குத் தொடங்கி, குறிப்பு எழுதும் இடத்தில் ‘இந்த ஆர்டர் உங்களுடையது இல்லை என்றால் இந்த எண்ணை அழைக்கவும்’ என்று தன் எண்ணைப் போட்டு அனுப்புகிறார்கள். மெயில் உண்மையாகவே அந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும். முகவரி அசல், மூன்று சோதனையும் பாஸ், எண் மட்டும் திருடனுடையது. மெயிலில் உள்ள எண்ணை எந்த நிலையிலும் அழைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

சில நிறுவனங்களின் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலில் நீல நிற டிக் தெரியும். 2023 மே மாதம் வந்த வசதி இது, பெயரையும் லோகோவையும் சரிபார்த்த பிறகே தருகிறார்கள். டிக் இருப்பது நல்ல அடையாளம். இல்லாவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அசல் கடைகள் பலவற்றுக்கே அது இல்லை.

லிங்க்கைத் தொடாமல் பார்ப்பது

கணினியில் பட்டன் மீது மவுஸ் அம்பை வைத்தால், சொடுக்காமலேயே, பிரவுசரின் இடது கீழ் மூலையில் உண்மையான முகவரி தெரியும். கைபேசியில் லிங்க்கை விரலால் அழுத்திப் பிடித்தால் ஒரு சிறு பெட்டியில் முகவரி வரும். திறக்காமல் ‘காப்பி’ கொடுத்து நோட்ஸில் ஒட்டிப் பார்ப்பது இன்னும் பாதுகாப்பு. அழுத்திப் பிடிக்கும்போது விரல் நழுவித் திறந்துகொள்வது அடிக்கடி நடக்கும். திறந்துவிட்டால் பயப்படத் தேவையில்லை, எதையும் நிரப்பாமல், எதையும் இறக்காமல் மூடிவிடுங்கள்.

லிங்க்கைப் படிக்கும் முறையும் அதே வலமிருந்து இடம்தான், ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிய வேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு, முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். அந்த இடத்திலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். ஒற்றைச் சாய்கோட்டுக்குப் பின்னால் எத்தனை முறை ஃபிளிப்கார்ட், மிந்த்ரா, மீஷோ என்று எழுதியிருந்தாலும் கணக்கில்லை. இன்னொன்று, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் @ குறி வந்தால் அதற்கு இடப்பக்கம் உள்ளதை பிரவுசர் தளத்தின் பெயராக எடுத்துக்கொள்ளாது. அமேசான்.இன்@வேறுதளம்.காம் என்ற லிங்க் போய்ச் சேருவது வேறுதளத்துக்கு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அசல் கடைகள் அனுப்பும் விளம்பர மெயில்களிலேயே லிங்க் நீளமாக, புரியாத எழுத்துகளோடு, சில நேரம் வேறு நிறுவனத்தின் முகவரியில் இருக்கும். யார் எதைத் தொட்டார்கள் என்று கணக்கெடுப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதனால் லிங்க்கை மட்டும் வைத்து எப்போதும் சரியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தீர்ப்புச் சொல்ல முடியாத இடத்தில் ஆப்பைத் திறந்து பாருங்கள்.

பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாம் என்பதும் காலாவதியான பேச்சு. உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை மூன்றாமவர் படிக்க முடியாது என்பதைத் தவிர அந்தப் பூட்டு எதையும் சொல்லவில்லை. தளமே திருடனுடையது என்றால் அந்தப் பூட்டு உங்கள் கார்டு எண்ணை அவனிடம் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும். அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே குரோம் பிரவுசர் 2023 செப்டம்பரில் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

இணைப்பாக வரும் கோப்பு விஷயத்தில் யோசனையே வேண்டாம். உங்கள் பில் ஆர்டர் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம். மெயிலோடு வரும் எச்டிஎம்எல் கோப்பை, அதாவது இணையப் பக்கமாகத் திறக்கும் கோப்பை, திறந்தால் உங்கள் கருவிக்குள்ளேயே போலி லாகின் பக்கம் திறக்கும். முகவரிப் பட்டையில் சந்தேகப்படுவதற்கு ஒரு தளத்தின் பெயர்கூட இருக்காது. ‘ஏபிகே’ என்று முடிவது ஆண்ட்ராய்டு ஆப்பின் கோப்பு, அப்படி வரும் எதையும் கைபேசியில் ஏற்றாதீர்கள், எந்தக் கடையும் தன் ஆப்பை மெயிலில் அனுப்புவதில்லை.

25 ரூபாய்ப் பக்கம்

பார்சலை ஒப்படைக்க முடியவில்லை, முகவரி முழுமையாக இல்லை, 24 மணி நேரத்தில் சரிசெய்யாவிட்டால் திருப்பி அனுப்பப்படும். இந்த வாசகம் கூரியர் நிறுவனங்களின் பெயரிலும் இந்திய அஞ்சல் துறையின் பெயரிலும் மெயிலாகவும் எஸ்எம்எஸ்ஸாகவும் சுற்றுகிறது. அஞ்சல் துறையின் பெயரில் வருவது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே எச்சரித்திருக்கிறது. தீபாவளி நேரத்தில், வீட்டுக்கு நாலைந்து பார்சல் வர வேண்டியிருக்கும்போது, இது யாரையும் நம்ப வைக்கும்.

லிங்க்கைத் தொட்டால் வரும் பக்கத்தில் முதலில் பின்கோடு கேட்கும். அடுத்து கதவு எண், தெரு, கைபேசி எண். இதெல்லாம் நியாயமான கேள்விகள்தான், அதனால் கை தானாக நிரப்பிக்கொண்டே போகும். நான்காவது திரையில் மறு டெலிவரிக் கட்டணம் 25 ரூபாய் என்று வரும். 25 ரூபாய்தானே என்று தோன்ற வேண்டும், அதற்காகவே வைத்த தொகை அது. அவர்களுக்கு வேண்டியது அந்த 25 ரூபாய் அல்ல, கட்டும் பெட்டியில் நீங்கள் நிரப்பப்போகும் 16 இலக்கக் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் சிவிவியும்.

நிரப்பியதும் திரையில் சக்கரம் சுற்றும். அந்த நேரத்தில் மறுமுனையில் இருப்பவன் உங்கள் கார்டை வேறொரு தளத்தில் போட்டு, உதாரணத்துக்கு 48,000 ரூபாய்க்கு, பொருள் வாங்கிக்கொண்டிருப்பான். உங்கள் கைபேசிக்கு ஓடிபி வரும், அது உங்கள் வங்கியிலிருந்து வந்த அசல் எஸ்எம்எஸ். போலிப் பக்கம் இப்போது ஓடிபி கேட்கும். ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துத் தட்டிவிடாமல் எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படிப்பவர்கள் இங்கே தப்பித்துவிடலாம். அதில் தொகையும், யாருக்குப் பணம் போகிறது என்பதும் பெரும்பாலும் எழுதியிருக்கும். 25 ரூபாய்க்கு வந்த ஓடிபியில் 48,000 இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ‘ஓடிபி தவறு, மறுபடி முயலுங்கள்’ என்று அந்தப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய திருட்டு நடக்கிறது என்று அர்த்தம்.

ஓடிபி கொடுக்காமல் தப்பித்தவர்கள் கார்டு பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி இல்லாமலே கார்டு எண்ணை வைத்துப் பணம் எடுக்க முடியும். எண்ணை நிரப்பிவிட்டால் அந்தக் கார்டை முடக்கிவிட்டு வேறு கார்டு வாங்குவதுதான் சரி.

‘உங்கள் சேமித்த கார்டு விவரங்கள் காலாவதியாகிவிட்டன, மீண்டும் உறுதிசெய்யுங்கள்’ என்று வரும் மெயிலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் எந்தக் கடையும் உங்கள் கார்டு எண்ணைத் தன்னிடம் வைத்திருக்க முடியாது. எண்ணுக்குப் பதிலாக டோக்கன் என்ற ஒரு மாற்றுக் குறியீடும், நீங்கள் அடையாளம் காணக் கடைசி நான்கு இலக்கமும்தான் அவர்களிடம் இருக்கும். கையில் இல்லாத எண்ணை மெயிலில் சரிபார்க்கச் சொல்ல அவர்களுக்குக் காரணம் கிடையாது.

தொலைபேசி வழியே நடப்பது வேறு மாதிரி. மெயிலில் உள்ள எண்ணை அழைத்தால் பொறுமையாக, மரியாதையாகப் பேசுவார்கள். ஆர்டரை ரத்து செய்யப் படிவம் நிரப்ப வேண்டும், உதவிக்கு ஒரு ஆப் ஏற்றுங்கள் என்பார்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற அந்த ஆப்கள் தம்மளவில் நல்லவைதான், அலுவலகங்களில் கணினி பழுது பார்ப்பவர்கள் தினம் பயன்படுத்துவது. ஆனால் அதில் வரும் எண்ணைச் சொன்ன நொடியிலிருந்து உங்கள் திரையும் அதில் வரும் ஓடிபியும் மறுமுனைக்குத் தெரியும். எந்தக் கடையின் வாடிக்கையாளர் சேவையும் ஆர்டரை ரத்து செய்ய உங்கள் திரையைப் பார்க்க வேண்டியதில்லை.

முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

முதல் வேலையாக வங்கி ஆப்பைத் திறந்து கார்டு அமைப்புகளுக்குப் போங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்திவைக்கும் வசதியும், ஆன்லைன் செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியும் எல்லாக் கார்டுகளுக்கும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதி. வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்துங்கள். ஆன்லைன் வரம்பை உங்கள் மாதச் செலவுக்கு ஏற்ப 5,000, 10,000 என்று வையுங்கள். டிவி, ஃபிரிட்ஜ் வாங்கும் அன்று மட்டும் ஏற்றிக்கொண்டு, வாங்கியதும் இறக்கிவிடலாம். போலிகளைக் கண்டுபிடிக்கும் திறமையைவிட இந்த ஒரு அமைப்பு அதிகம் காப்பாற்றும். திறமை தூக்கக் கலக்கத்தில் தவறும், வரம்பு தவறாது.

கடைக் கணக்கின் பாஸ்வேர்டை, பாஸ்வேர்டுகளைச் சேமிப்பதற்கென்றே இருக்கும் ‘பாஸ்வேர்டு மேனேஜர்’ ஆப்பிலோ பிரவுசரிலோ சேமித்துக்கொள்ளுங்கள். வசதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சேமித்த பாஸ்வேர்டு அந்தத் தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். ‘எம்’முக்குப் பதில் ‘ஆர்’, ‘என்’ போட்ட முகவரியில் உங்கள் கண் ஏமாறலாம், அந்த ஆப்போ பிரவுசரோ ஏமாறாது, பாஸ்வேர்டை நிரப்பாது. எப்போதும் தானாக நிரம்பும் இடம் இன்று காலியாக இருந்தால், நீங்களாகத் தட்டச்சு செய்வதற்கு முன் முகவரியைப் பாருங்கள். பாஸ்கீ அதைவிட உறுதியானது. விரல்ரேகையால் உள்ளே போகும் இந்த முறையில் திருடக்கூடிய பாஸ்வேர்டே இல்லை, வேறு முகவரியில் அது வேலையும் செய்யாது. அமேசான் 2023 முதல் தருகிறது, ‘லாகின் அண்டு செக்யூரிட்டி’ பகுதியில் இருக்கும். பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பும் அங்கேதான்.

பார்சல் அட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்தோ மையால் அடித்தோ போடுங்கள். உங்கள் பெயர், முகவரி, பல நேரம் கைபேசி எண், ஆர்டர் எண் வரை அதில் இருக்கிறது. ‘நேற்று உங்களுக்கு வந்த மிக்ஸி பற்றிப் பேசுகிறோம்’ என்று தொடங்கும் மெயிலுக்கோ அழைப்புக்கோ அந்தச் சீட்டே போதும்.

வீட்டில் அப்பா அம்மாவுக்கு எஸ்பிஎஃப், டொமைன் என்றெல்லாம் விளக்க வேண்டாம். ‘கடையிலிருந்து எது வந்தாலும் ஆப்பில் மை ஆர்டர்ஸ் பாருங்கம்மா, அங்க இல்லன்னா அது பொய்’ என்ற ஒரு வரி போதும். அவர்களுடைய கைபேசியின் முகப்பில் அந்த ஆப்பை முதல் வரிசையில் வைத்துக்கொடுங்கள்.

விவரங்களைக் கொடுத்துவிட்டால்

ஏமாந்தது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். அதனால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. வங்கி ஆப்பில் கார்டை முடக்குங்கள். ஆப் திறக்கவில்லை என்றால் கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். கூகுளில் தேடிக் கிடைத்த எண்ணை அழைக்காதீர்கள்.

2. உடனே 1930. இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் இது. வங்கியின் பெயர், கணக்கு அல்லது கார்டு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். யுபிஐ என்றால் 12 இலக்கக் குறிப்பு எண் கேட்பார்கள், பரிவர்த்தனை விவரத்தில் இருக்கும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே இன்னும் இருந்தால் அதை நிறுத்திவைக்க முடியும். முதல் ஒரு மணி நேரம் முக்கியம் என்பது அதனால்தான்.

3. சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்து ஒப்புகை எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, தேதியும் நேரமும் உள்ள பதிலை வாங்குங்கள்.

நேரம் குறித்த அந்தப் பதில் ஏன் வேண்டும் என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதியின்படி வாடிக்கையாளர் தானே விவரங்களைக் கொடுத்த மோசடியில், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்பட்ட இழப்பு வாடிக்கையாளருடையது. சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. தகவல் சொன்ன நிமிடத்துக்கு ஆதாரம் வைத்திருப்பவருக்கே அந்த விதி உதவும்.

கடையின் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் ஆப் வழியே மாற்றுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள். அதே பாஸ்வேர்டு வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்ற வேண்டும், முதலில் மெயில் கணக்கில். கடைக் கணக்கில் புதிதாக ஏதாவது முகவரி சேர்ந்திருக்கிறதா, கிஃப்ட் கார்டு இருப்பு குறைந்திருக்கிறதா, மறைத்துவைத்த ஆர்டர் உண்டா என்று பாருங்கள். ஜிமெயில் அமைப்புகளில் ‘ஃபில்டர்ஸ்’, ‘ஃபார்வர்டிங்’ இரண்டையும் திறந்து பாருங்கள். கடையிலிருந்து வரும் அசல் எச்சரிக்கைகள் உங்கள் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக்குப் போகும்படி அங்கே ஒரு விதியை எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். திடீரென்று நூற்றுக்கணக்கில் சந்தா மெயில்கள் கொட்டினாலும் சந்தேகப்படுங்கள். அந்தக் குவியலுக்குள் ஒரு அசல் ஆர்டர் மெயிலைப் புதைப்பதற்காகச் செய்வது அது.

ஏபிகே ஏற்றிவிட்டால் கைபேசியை ஃபிளைட் மோடுக்கு மாற்றிவிட்டு, வங்கியை வேறொருவர் கைபேசியிலிருந்து அழையுங்கள். அந்த ஆப்பை நீக்கியதோடு நிற்காமல், படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்து, கைபேசியைப் புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கலாம், ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்பலும் நீங்கும்.

போலி மெயிலை அழித்துவிடாதீர்கள், அது சாட்சி. வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்தால் அனுப்பிய சர்வரின் விவரங்கள் போய்விடும். ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தில் ‘டவுன்லோடு ஒரிஜினல்’ கொடுத்து முழு மெயிலையும் கோப்பாக எடுத்துவைத்துக்கொண்டு புகாரோடு சேருங்கள். அதன் பிறகு மூன்று புள்ளியில் ‘ரிப்போர்ட் ஃபிஷிங்’ கொடுங்கள். அமேசான் பெயரில் வந்தது என்றால் அவர்களுடைய உதவிப் பகுதியில் ‘ரிப்போர்ட் சம்திங் சஸ்பிஷியஸ்’ என்ற பக்கம் இருக்கிறது.

பணம் போன சில நாட்களில் இன்னொரு மெயில் வரக்கூடும். சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், விடுவிக்க 2 சதவீதக் கட்டணம் கட்டுங்கள் என்று. ஏமாந்தவர்களின் பட்டியலையும் இவர்கள் தங்களுக்குள் விற்கிறார்கள். 1930-க்கும் அந்தப் புகார் தளத்துக்கும் எந்தக் கட்டணமும் கிடையாது, ஒரு ரூபாய்கூட.